ரேக்கில் நாலு சின்னத் தொட்டி: எதில் என்ன மீன் விடலாம்?

மாடிவீட்டு மீன்காரி

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் இரண்டாம் மாடி வீடு. ஹாலில் ஒரு சுவர் காலியாகக் கிடக்கிறது. அங்கே நாலடி அகலத்தில் ஸ்லாட்டட் ஆங்கிள் (துளை போட்ட இரும்புச் சட்டம்) ரேக் நிறுத்தி, இரண்டு தட்டில் நாலு தொட்டி வைக்கலாம் என்று திட்டம். இரண்டடித் தொட்டி ஒன்று (24×12×12 அங்குலம்), ஒன்றரை அடியில் இரண்டு (18×12×12), ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடி ஒன்று.

தண்ணீர் போர் தண்ணீர்தான். டிடிஎஸ் மீட்டரில் 900 காட்டுகிறது. பிஹெச் 8-ஐ ஒட்டி. சமையலறையில் ஆர்ஓ இருக்கிறது, அதில் 50 வருகிறது. மே மாதத்தில் ஹாலில் ஏசி கிடையாது. கரண்ட் எப்போதாவது ஒரு மணி, இரண்டு மணி நேரம் போகும்.

ஆசைப்பட்டியல்: நியான் டெட்ரா ஒரு கூட்டம், ஏஞ்சல் ஒரு ஜோடி, கப்பி, பெட்டா, சிவப்பு இறால். என் பெண்ணுக்குக் கோல்டு ஃபிஷ் வேண்டுமாம். ஒரு தொட்டி ஏரேட்டர் வைத்து முன்பு வளர்த்திருக்கிறேன், நாலு என்பது புதுசு. அத்தை போட்ட ஒரே நிபந்தனை, தரையில் தண்ணீர் சிந்தக் கூடாது. எதை எதில் விடலாம், சொல்லுங்கள்.

ஏர்பம்ப்

கோல்டு ஃபிஷ்ஷை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். நாலு தொட்டியில் எதுவும் அதற்குப் போதாது. மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஜல்லித்தொட்டி

மீனுக்கு முன்னால் ரேக்கைப் பேசுவோம் மேடம். இதைக் கேட்காமல் மீன் வாங்கப் போனவர்கள் நிறைய பேர்.

இரண்டடித் தொட்டியின் கொள்ளளவு கணக்குப்படி 56 லிட்டர். மணல், மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக நிஜத்தில் 45 லிட்டர் நிற்கும். ஒன்றரை அடி 42, நிஜத்தில் 34. ஓரடி 28, நிஜத்தில் 22. ஆக நாலுக்கும் சேர்த்து தண்ணீர் மட்டும் 135 கிலோ. கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்தால் 200 தாண்டும். ஆங்கிள் தாங்கும். தட்டாகப் போடுகிற தகரம்தான் தாங்காது. நடுவில் ஒரு நூல் தொய்ந்தாலும் தொட்டியின் அடிக்கண்ணாடி முழு எடையையும் இரண்டு ஓரத்தில் வாங்கிக்கொள்ளும், பிறகு ஒருநாள் விரிசல். தகரத்துக்கு மேல் 18 மி.மீ. மரைன் ப்ளை ஒன்று, அதன்மேல் அரை அங்குலத் தெர்மாகோல். இரண்டடி, ஒன்றரை அடி ஒன்று கீழே. மீதி இரண்டும் மேலே. பக்கத்துச் சுவரில் ரேக்கை ஆணி போல்ட்டில் பிடித்துவிடுங்கள், வீட்டில் குழந்தை இருக்கிறது.

இன்னொன்று. கீழ்த்தட்டுத் தொட்டியின் விளிம்புக்கும் மேல்தட்டுக்கும் நடுவே குறைந்தது ஓரடி இடைவெளி இருக்க வேண்டும். ரேக் கடையில் அழகாக இருக்கட்டும் என்று ஆறு அங்குலம் விட்டுத் தருவார்கள். அதில் கையும் நுழையாது, வலையும் நுழையாது. கையே நுழையாத தொட்டியை எவ்வளவு ஆசையாக வைத்தாலும் மூன்று மாதத்தில் யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள்.

மாடிவீட்டு மீன்காரி

ப்ளை யோசனைக்கு நன்றி சார். இடைவெளியை நான் எட்டு அங்குலம் என்றுதான் போட்டிருந்தேன், மாற்றிவிடுகிறேன். அப்புறம் தண்ணீர்? 900 என்பது மோசமா?

சிறுவாணித் தண்ணி

நான் கோயம்புத்தூர். எங்கள் குழாயில் வருகிற சிறுவாணித் தண்ணீர் மென்மையானது (கால்சியம், மெக்னீசியம் உப்பு குறைவு), நியான் எந்த வித்தையும் இல்லாமல் வளரும். சென்னை போரில் அதே நியானைப் போட்டுவிட்டு "மீன் சரியில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவது நியாயமில்லை. தண்ணீரை வைத்து மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் பட்டியலை முதலில் எழுதிவிட்டுத் தண்ணீரைப் பிறகு கேட்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், அதனால் சொல்கிறேன்.

டிடிஎஸ் என்பது கரைந்திருக்கிற எல்லா உப்பையும் சேர்த்த எண். அதில் கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்பதை அது சொல்லாது. ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை), கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) அளக்கிற சொட்டு மருந்துக் கிட் ஒன்று வாங்குங்கள். ஆனாலும் 900 போர் என்றால் கடினத் தண்ணீர்தான் என்று வைத்துக்கொண்டே திட்டமிடலாம்.

மென்மையாக்க வேண்டுமானால் கணக்கு எளிது. ஒரு பங்கு போர், மூன்று பங்கு ஆர்ஓ: 900-உம் மூன்று 50-உம் சேர்ந்து 1050, நாலால் வகுத்தால் 260 சொச்சம். டெட்ராவுக்கு இது சரி. ஆனால் நாலு தொட்டிக்கும் இதைச் செய்ய வேண்டாம். வாரம் 30 சதவீதம் மாற்றினால் உங்களுக்கு 40 லிட்டர் தண்ணீர் வேண்டும், அதில் 30 லிட்டர் ஆர்ஓ. அதைப் பிடிக்க அதைவிட அதிகமாகக் கழிவுநீர் போகும். ஏதாவது ஒரே ஒரு தொட்டியை மென்தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொண்டு மற்றதைப் போரில் ஓட்டுங்கள்.

ஆனால் ஆவியாகிப் போன தண்ணீரை நிரப்புகிறபோது மட்டும் எல்லாத் தொட்டிக்கும் ஆர்ஓ ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். வெயில் காலத்தில் வாராவாரம் போர் தண்ணீரை மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் 900 இருந்தது 1200, 1500 என்று ஏறும். மீன் அதற்கு மெல்லப் பழகிவிடும். சிக்கல் என்னவென்றால், கடையிலிருந்து புதிதாக வாங்கி உள்ளே விடுகிற மீன் மட்டும் மறுநாள் செத்துப்போகும், ஏனென்றே தெரியாது.

கொளத்தூர்வாசி

எண்களைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். எங்கள் கொளத்தூர்ப் பக்கம் தெருத்தெருவாகத் தொட்டி கட்டி மீன் பெருக்குகிறார்கள். எல்லாம் போர் தண்ணீர்தான். ஏஞ்சல், கப்பி, மோலி, கௌராமி எல்லாம் தலைமுறை தலைமுறையாக அந்தத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவை. பூர்வீக ஆற்றுத் தண்ணீரை அவை கண்ணாலேயே பார்த்ததில்லை. உள்ளூரில் பிறந்த மீனை வாங்கினால் ஆர்ஓவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கடையில் "இது லோக்கல் பிரீடா, வெளியிலிருந்து வந்ததா" என்று கேளுங்கள். சொல்வார்கள்.

சிறுவாணித் தண்ணி

கொளத்தூர்வாசி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஏஞ்சலுக்கும் கப்பிக்கும். நியான் அப்படி இல்லை. அதன் முட்டை கடினத் தண்ணீரில் சரியாகப் பொரியாது. அதனால் கடைக்கு வருகிற நியானில் பெரும்பாலானவை வேறெங்கோ மென்தண்ணீரில் பொரித்து விமானத்தில் வந்தவை.

ஜல்லித்தொட்டி

ஏஞ்சலுக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லைதான், உயரம்தான் பிரச்சினை. வளர்ந்த ஏஞ்சலின் துடுப்பு நுனியிலிருந்து நுனி வரை அளந்தால் ஆறு அங்குலத்துக்கு மேல். உங்கள் தொட்டியில் மணல் போக நிற்கிற தண்ணீரே ஒன்பது, பத்து அங்குலம்தான். அதற்கு ஒன்றரை அடி உயரம் வேண்டும். பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஏர்பம்ப்

சூட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. மே மாதம் ஏசி இல்லாத ஹாலில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும். நியானுக்குப் பிடித்தது 20-லிருந்து 26. கடினத் தண்ணீரில் ஓரளவு ஒப்பேற்றினாலும் இந்தச் சூட்டில் ஒப்பேற்ற முடியாது. டெட்ராதான் வேண்டும் என்றால் கார்டினல் பாருங்கள், நியானைவிடச் சூடு தாங்கும், சிவப்புக் கோடும் உடல் முழுக்க ஓடும்.

சூடு ஏறினால் இரண்டு விஷயம் நடக்கும். தண்ணீரில் கரைகிற ஆக்சிஜன் குறையும், 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை கரைந்தால் 30-ல் 7.5-தான். மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் அதிகம் வேண்டும். அடுத்தது அம்மோனியா. மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவில் ஒரு பங்குதான் விஷம், மீதி அயனியாக இருக்கும், அவ்வளவு தீங்கில்லை. அந்த விஷப் பங்கு பிஹெச் 7-ல் இருப்பதைவிட 8-ல் ஏறக்குறையப் பத்து மடங்கு. சூடு கூடினால் இன்னும் கூடும். ஆக கோவைக்காரர் தொட்டியில் தப்பிக்கிற மீன், அதே அளவு அம்மோனியாவில் உங்கள் தொட்டியில் தப்பிக்காது. கடினத் தண்ணீர்க்காரர்கள் தொட்டியை நன்றாகப் பழக்கிவிட்டுத்தான் (அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா வளரும் வரை ஓட்டிவிட்டுத்தான்) மீன் விட வேண்டும், குறைவாகத்தான் விட வேண்டும்.

சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் அடிக்க விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் அதிகமான நாளில் அதுவும் வேலை செய்யாது.

யாழ் கிணறு

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே நிலத்தடி எல்லாம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலில் வெள்ளையாகப் படியும், அவ்வளவு கடினம். அந்தத் தண்ணீரில் கப்பியும் மோலியும் பிளாட்டியும் சிரமமில்லாமல் வளரும், அவற்றுக்கு இந்தத் தண்ணீர்தான் விருப்பம். ஆகவே உங்கட 900-ஐ நினைத்துக் கவலைப்பட வேண்டாம் அக்கா, அதை விரும்புகிற மீனை எடுங்கோ.

பல தொட்டி வைக்கிற ஆட்களுக்கு ஒன்று சொல்லவேணும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, முடிந்தால் தண்ணீர் இழுத்து வெளியே விடுகிற சைபன் குழாயும் தனி. ஈர வலையை ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் விட்டால் வெள்ளைப் புள்ளி நோய் அதிலேயே போகும். ஒரு தொட்டியில் வந்தது நாலுக்கும் பரவுவது இப்படித்தான். தனி வலை வாங்க முடியாவிட்டால் நல்லா வெயிலில் காய வைத்துப் பிறகு பாவியுங்கோ.

ஓடைமீன்

எல்லோரும் டெட்ரா, ஏஞ்சல் என்று தென் அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள். நம் குளத்து மீனை யாராவது நினைத்தீர்களா?

செல்லக்காசு என்று ஒரு மீன். கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள், கடைகளில் ஆரஞ்சு குரோமைட். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள மீன். நன்னீரிலும் கழிமுகத்து உப்புத் தண்ணீரிலும் இருப்பது, அதனால் 900 டிடிஎஸ்ஸெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சூடும் தாங்கும். மூன்று அங்குலம் வளரும், இரண்டடித் தொட்டி ஒரு ஜோடிக்குப் போதும். உடம்பு மஞ்சள், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. நன்றாகப் பெருக்கப்பட்ட ஆரஞ்சு வகை கடையில் சாதாரணமாகக் கிடைக்கும்.

நான் இதைச் சொல்லக் காரணம் நிறம் மட்டுமில்லை. கல்லில் முட்டை போட்டு அப்பாவும் அம்மாவும் மாறி மாறி விசிறிக் காவல் இருக்கும். குஞ்சு நீந்த ஆரம்பித்ததும் பெற்றோரின் உடம்பை ஒட்டி ஒட்டி உரசும். தோலில் சுரக்கிற வழுவழுப்பைத் தின்கிறது. பெரிய மீன் அசையாமல் நின்று கொடுக்கும். உங்கள் பெண் அதைப் பார்த்தால் கோல்டு ஃபிஷ்ஷை மறந்துவிடுவாள்.

வாங்கும்போது ஜோடி என்று கடைக்காரர் காட்டுவதை நம்பாதீர்கள், சின்னதில் ஆண் பெண் தெரியாது. ஐந்து குட்டி வாங்கி விடுங்கள். ஒரு ஜோடி தானே சேர்ந்து மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் துரத்த ஆரம்பிக்கும். அப்போது மீதி மூன்றையும் கடையில் திருப்பிக் கொடுங்கள், எடுத்துக்கொள்வார்கள்.

மிஸ் கேரளா என்று சிவப்புக் கோடு போட்ட மீனைக் காட்டினால் ஆசைப்படாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் இருப்பது, அழியும் நிலையிலுள்ள இனம், கூட்டமாக நாலடித் தொட்டி கேட்கும். பட்டாணி அளவில் ஒரு பஃபர் விற்பார்கள், நத்தையைத் தின்னும் என்று. அதுவும் அந்த மலை ஆறுகளின் மீன்தான். மற்ற மீனின் துடுப்பைக் கடிக்கும், உயிருள்ள இரைதான் தின்னும். முதல் ரேக்குக்கு வேண்டாம்.

மாடிவீட்டு மீன்காரி

செல்லக்காசு! எங்கள் பாட்டி வாயில் கேட்ட பெயர். குழம்பில்தான் என்று நினைக்கிறேன்.

ஓடைமீன்

குழம்பிலும் நன்றாக இருக்கும். அது வேறு இழை.

ஜல்லித்தொட்டி

சரி, எல்லோரும் சொன்னதை வைத்து என் யோசனை. பிடிக்காததை வெட்டிவிடுங்கள்.

கீழே இரண்டடி: ஓடைமீன் சொன்ன செல்லக்காசு. போர் தண்ணீர். கூட வேறு மீன் வேண்டாம். குஞ்சு காக்கும்போது எதையும் அண்ட விடாது, சின்ன மீனாக இருந்தால் தின்றேவிடும். மணல் மெல்லியதாகப் போடுங்கள், தோண்டும். செடியைச் சின்னச் சட்டியில் நட்டு உள்ளே வைத்தால் பிழைக்கும்.

ஒன்றரை அடி ஒன்று: கப்பி, ஆண் மட்டும் எட்டு. ஆணும் பெண்ணும் கலந்து வாங்கினால் நாலு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெண்ணும் குட்டி போடும், ஒரு முறை சேர்ந்தால் மாதக்கணக்கில் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். கொடுக்க இடம் தேடி அலைவீர்கள். ஆண் மட்டும் என்றால் நிறம் முழுக்கவும் உங்களுக்கு, குட்டி இல்லை.

ஓரடி: பெட்டா ஒன்று, தனியாக. கடையில் டம்ளர் அளவு பாட்டிலில் வைத்து விற்பதைப் பார்த்து அதற்கு அவ்வளவு போதும் என்று நினைக்காதீர்கள். 22 லிட்டர் அதற்குச் சரியான வீடு. ஸ்பாஞ்ச் ஃபில்ட்டரின் (ஏர் பம்ப் காற்றில் ஓடுகிற பஞ்சு வடிகட்டி) குமிழியை வால்வில் குறையுங்கள், அலை பிடிக்காது. தெருவில் விழுகிற நாட்டு வாதாம் இலை காய்ந்தது ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும், பெட்டா அதன்கீழ் போய்ப் படுத்துக்கொள்ளும். மருந்து அடித்த மரத்து இலை வேண்டாம்.

மிச்சமிருக்கிற ஒன்றரை அடியில்தான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது தனிமைத் தொட்டியாகக் காலியாக இருக்கட்டும். மணல் இல்லை, செடி இல்லை, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர், ஒளிய இரண்டு துண்டு பிவிசி குழாய். புதிதாக வருகிற எந்த மீனும் நாலு வாரம் அங்கே இருந்துவிட்டுத்தான் மற்றதுக்குப் போக வேண்டும். மருந்து போட வேண்டியிருந்தாலும் அங்கேதான். நாலு தொட்டிக்காரர் மூன்றில்தான் மீன் வளர்க்க வேண்டும்.

கொளத்தூர்வாசி

ஒரு தொட்டியைச் சும்மா வைப்பதா? இருக்கிற நாலில் ஒன்று வேஸ்ட்.

ஜல்லித்தொட்டி

கடையில் ஒரே தண்ணீர் பல தொட்டிக்கும் ஓடும் இடங்கள் உண்டு, ஒரே வலையில் பத்துத் தொட்டி மீனைப் பிடித்துத் தருவார்கள். வெள்ளைப் புள்ளி வந்தால் கண்ணில் தெரிவதற்கு முன்னாலேயே தொட்டிக்குள் பரவியிருக்கும். நீங்கள் மூன்று தொட்டிக்கும் மருந்து வாங்குகிற காசில் அந்தக் காலித் தொட்டி தன் விலையை ஈட்டிவிடும். எல்லா மீனும் வந்து ஐந்தாறு மாதம் அமைதியாக ஓடினால், அப்புறம் வேண்டுமானால் அதில் ஆர்ஓ கலந்து எம்பர் டெட்ரா எட்டு விடுங்கள். அப்போதும் ஒரு இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப் கைவசம் இருக்கட்டும்.

மாடிவீட்டு மீன்காரி

இறால் போச்சா?

ஏர்பம்ப்

இறால் 28-க்குக் கீழே இருந்தால் சந்தோஷமாகப் பெருகும். 32-ல் ஒவ்வொன்றாகக் குறையும். மீனுக்குப் போடுகிற மருந்தில் தாமிரம் இருந்தால் கூண்டோடு போகும். ஜூலைக்கு மேல், செடி நன்றாக அடர்ந்த தொட்டி ஒன்று இருந்தால் யோசிக்கலாம். இப்போதைக்கு இல்லை.

அப்புறம் பம்ப் விஷயம். நாலு தொட்டிக்கு நாலு பம்ப் வாங்காதீர்கள். கொஞ்சம் பெரிய ஏர் பம்ப் ஒன்று, அதிலிருந்து ஒரு பைப், நாலு வால்வு, நாலு ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர். ஒரே சத்தம், ஒரே பிளக். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ரேக்கின் உச்சியில் வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து பம்புக்குள் இறங்கும், அதன்பின் தரைக்கு. உங்கள் அத்தை போட்ட நிபந்தனை அங்கேயே முடிந்துவிடும். மேலே வைத்தாலும் ஒவ்வொரு குழாயிலும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போடுங்கள், விலை சொற்பம். ப்ளக்குக்குப் போகிற வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், வழிகிற தண்ணீர் சுவிட்சுக்குள் போகாமல் வளைவில் சொட்டிவிடும்.

கரண்ட் போனால் மீனுக்கும் ஸ்பாஞ்சில் இருக்கிற பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் குறையும். பேட்டரியில் ஓடுகிற சின்ன டிசி பம்ப் ஒன்றை அந்தப் பைப்பிலேயே இணைத்து வையுங்கள். அன்றைக்கு மீனுக்குச் சாப்பாடு போட வேண்டாம்.

மாடிவீட்டு மீன்காரி

தொட்டியைப் பழக்குவது என்கிறீர்களே, நாலையும் தனித்தனியாக நாலைந்து வாரம் பழக்க வேண்டுமா?

ஏர்பம்ப்

இங்கேதான் பல தொட்டிக்காரருக்கு ஒரு வசதி. நாலு ஸ்பாஞ்சையும் முதலில் இரண்டடித் தொட்டிக்குள்ளேயே போட்டு ஓட விடுங்கள். மீன் இல்லாமல், அம்மோனியா கரைசல் சொட்டுச் சொட்டாக 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும் வரை. அது கிடைக்காவிட்டால் தினமும் கொஞ்சம் மீன் தீவனம், அழுகி அம்மோனியாவாகும். முதலில் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா, அப்புறம் அதிலிருந்து வருகிற நைட்ரைட்டைத் தின்கிற பாக்டீரியா, இரண்டும் சேர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியா போட்ட 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தயார். அப்போது ஸ்பாஞ்சைப் பிரித்து நாலு தொட்டிக்கும் கொடுங்கள். தெரிந்தவர் வீட்டில் பல நாள் ஓடிய ஸ்பாஞ்ச் இருந்தால் அதைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை இதில் ஊற்றினால் வாரங்கள் குறையும். அவர் தொட்டியில் நோய் இல்லையென்றால் மட்டும்.

ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர் வாளியில் இரண்டு முறை பிழிந்தால் போதும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் கோடையில் மெட்ரோ லாரித் தண்ணீர் வந்தால் அதில் இருக்கும். அப்போது சோடியம் தயோசல்பேட் போட்டபின்தான் தொட்டிக்கு.

யாழ் கிணறு

ஒரே நாளில் எல்லா மீனையும் வாங்க வேண்டாம் அக்கா. கப்பி முதலில் தனிமைத் தொட்டிக்குள் போகட்டும். அது வெளியே வந்ததும் செல்லக்காசுக் குட்டிகள். பெட்டா தனியாகத்தான் இருக்கப்போகுது, அதை நேரே அதின்ட தொட்டியிலேயே விடலாம்.

சிறுவாணித் தண்ணி

சக்கர் மீன் ஒன்றை யாராவது "கண்ணாடியைச் சுத்தம் பண்ணும்" என்று பையோடு தள்ளிவிடுவார்கள், வாங்காதீர்கள். இரண்டு அங்குலத்தில் வாங்குவது ஓரடிக்கு வளரும். வளர்ந்ததை மனசு வராமல் ஏரியில் விட்டவர்களால்தான் சென்னையைச் சுற்றி ஏரிகளில் வலை போடுகிற மீனவர் கையில் இன்று அது சிக்கிக்கொண்டிருக்கிறது. விற்க ஆளில்லை, வலையைக் கிழிக்கிறது. பாசியைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் போகும்.

மாடிவீட்டு மீன்காரி

நேற்று ரேக்காரர் வந்து அளவு எடுத்துவிட்டுப் போனார், இடைவெளி ஓரடி. இப்படி முடிவு செய்திருக்கிறேன். கீழே இரண்டடியில் செல்லக்காசு ஐந்து குட்டி, பக்கத்து ஒன்றரை அடி காலியாகத் தனிமைத் தொட்டி. மேலே ஒன்றரை அடியில் ஆண் கப்பி எட்டு, ஓரடியில் பெட்டா. பெட்டாவை என் பெண்ணிடமே ஒப்படைத்தாகிவிட்டது, கோல்டு ஃபிஷ் பேச்சு நின்றது. வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை, நாலுக்கும் சேர்த்துத் தண்ணீர் மாற்றம். தண்ணீரை வாளியில் தூக்காமல் பால்கனிச் செடிக்கு நேரே ஓஸ் விட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மீன் கழிவிலிருந்து கடைசியில் சேர்கிற நைட்ரேட் செடிக்கு நல்லதுதானே?

ஜல்லித்தொட்டி

நல்லதுதான், 900 டிடிஎஸ் எல்லாச் செடிக்கும் பிடிக்காது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தனிமைத் தொட்டியில் மருந்து போட்ட தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். ஓஸ் முனையில் ஒரு வால்வு போடுங்கள், கையை எடுத்தால் ஹாலில் வழியும். மூடிக்குச் சொன்னீர்களா? பெட்டா தாவும், கப்பியும் தாவும்.

மாடிவீட்டு மீன்காரி

கண்ணாடிக் கடையில் 4 மி.மீ.-இல் மூடி வெட்டச் சொல்லியிருக்கிறேன். குழாய் போக ஒரு மூலையை மட்டும் வெட்டிவிடச் சொன்னேன். சரிதானே?

ஜல்லித்தொட்டி

சரி. முனையைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், கையைக் கிழிக்கும்.